அம்மா அப்பாவின் ஃபோனை ஒழுங்குபண்ணிவிட்டு ஊருக்குக் கிளம்புங்கள்

திருத்துறைப்பூண்டியில் ரீசார்ஜ், ஜெராக்ஸ், ஃபோன் சர்வீஸ் எல்லாம் சேர்ந்த சின்னக் கடை எங்களுடையது. உள்ளே போர்டு வேலை வீட்டுக்காரர் பார்ப்பார். முன்னால் உட்கார்ந்து பில் கட்டுவது, ஃபார்ம் நிரப்புவது, பெரியவர்களின் ஃபோனில் காணாமல்போன படத்தைத் தேடித் தருவதெல்லாம் என் பாடு. தீபாவளியும் பொங்கலும் முடிந்த அடுத்த வாரம் வருகிற கூட்டமே தனி. சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்த பிள்ளைகள் புது ஃபோனைக் கையில் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள். அதைத் தூக்கிக்கொண்டு அம்மாக்களும் அப்பாக்களும் வருவார்கள். அந்தப் பிள்ளைகளுக்குத்தான் இதை எழுதுகிறேன். கிளம்புவதற்கு முன் அரை நாள் ஒதுக்குங்கள், போதும். வங்கிக்கு ஒருமுறை போகவேண்டியிருக்கும் என்பதால் வேலை நாளாகப் பார்த்து ஒதுக்குங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். என் கடை வாசலில் நின்று ஓடிபியைச் சத்தமாகப் படிக்கிற பெரியவர்களில் பெரும்பாலானவர்கள் அதைத் திருடனிடம் சொல்வதில்லை. உங்களிடம்தான் சொல்கிறார்கள். "எட்டு... நாலு... இரு தம்பி, கண்ணாடியப் போட்டுக்கறேன்..." என்று. கரண்ட் பில் கட்ட, பாலிசி பார்க்க, ஆதாரை எதனுடனாவது இணைக்க நீங்கள் அங்கிருந்து கேட்கிறீர்கள், அவர்கள் இங்கிருந்து சொல்கிறார்கள். ஃபோனில் ஒரு குரல் அவசரப்படுத்தினால் ஆறு எண்களைப் படித்துச் சொல்லிவிட வேண்டும் என்று அவர்களைப் பழக்கியது யார்? திருடனும் அச்சு அசலாக அதையே கேட்கிறான்: ஓடிபி சொல்லுங்கள், இந்த ஆப்பை இறக்குங்கள், திரையைக் காட்டுங்கள், நான் சொல்லும் இடத்தில் அழுத்துங்கள்.

ஆகவே இந்த அரை நாளில் நாம் செய்யப்போவதெல்லாம் ஒரே ஏற்பாடுதான். உங்களுக்காக அவர்கள் இனி ஃபோனில் எதையும் படித்துச் சொல்லவே வேண்டியிருக்கக் கூடாது. அப்படி ஆகிவிட்டால், இனிமேல் யார் கேட்டாலும் அது வேற்றாள்தான்.

ஓடிபி கேட்கிற வேலைகளை உங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளுங்கள்

மின் அட்டையை எடுத்து இணைப்பு எண்ணைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த எண் ஒன்று போதும், உங்கள் ஃபோனில் உள்ள யூபிஐ ஆப்பிலேயே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில்லைக் கட்டிவிடலாம். இங்கிருந்து ஒருவரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. கேஸ் நுகர்வோர் எண், அவர்களின் ரீசார்ஜ், எல்ஐசி பாலிசி எண் எல்லாம் இதே கதைதான். எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. "உங்கள் மின் இணைப்பு இன்று இரவு 9.30 மணிக்குத் துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணை அழைக்கவும்" என்று ஒரு எஸ்எம்எஸ் பல வருடமாகச் சுற்றுகிறது. அதைப் பார்த்துப் பதறிக்கொண்டு கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் தாங்களே பில் கட்டுகிறவர்கள்தான். "பில்லு என் பையன் பாடு" என்று இருப்பவர்கள் அதைப் பார்ப்பதோடு சரி.

ஆதார் ஓடிபி கட்டாயம் வேண்டிய வேலைகள் சில இருக்கின்றன. அவற்றை ஊருக்கு வரும்போது பக்கத்தில் உட்கார்ந்து செய்யுங்கள். அவசரம் என்றால் மட்டும் உள்ளூரில் நம்பகமான ஒரு சொந்தக்காரரை வீட்டுக்கு அனுப்புங்கள்.

அப்புறம், "ஓடிபிய யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். அந்த அறிவுரை ஒரு வாரம்கூடத் தாங்காது. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் ஃபோனுக்கு வந்த எண்ணைக் கேட்பார், சொன்னால்தான் சிலிண்டர். பார்சல் கொண்டுவருகிறவரும் கேட்பார். ஆப்பில் புக் செய்த ஆட்டோக்காரரும் கேட்பார். இவர்களிடமெல்லாம் சொல்லித்தான் ஆக வேண்டும். யாரிடமும் சொல்லக் கூடாத ஒன்றை வாரத்துக்கு இரண்டு பேரிடம் சொல்ல வேண்டியிருந்தால், அந்த விதியை யார் மதிப்பார்கள்? அதனால் நான் இங்கே சொல்லிக்கொடுப்பது வேறு மாதிரி: பொருளோடு வாசலில் நிற்கிற ஆளிடம் எண்ணைச் சொல்லலாம். ஃபோனுக்குள்ளிருந்து கேட்கிற குரலிடம் சொல்லக் கூடாது, அது பெற்ற பிள்ளையின் குரலாக இருந்தாலும். எழுபது வயதுக்காரர்கள் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். கூடவே இன்னொன்று: வாசலில் நிற்பவரிடம் சொல்வதற்கு முன் அந்த எஸ்எம்எஸ்ஸில் ரூபாய், வங்கி என்ற பேச்சு இருக்கிறதா என்று ஒரு பார்வை. இருந்தால் அவரிடமும் சொல்லக் கூடாது.

பணத்தைப் பிரித்து வையுங்கள்

இதுதான் அரை நாளில் பாதியைத் தின்னும். ஆனால் மற்றதெல்லாம் தவறிப்போனாலும் இது நிற்கும்.

நான் பார்க்கிற வீடுகளில் சாதாரணமாக ஒரே கணக்குதான் இருக்கும். பென்ஷன் அதில், நீங்கள் அனுப்புகிற பணம் அதில், நெல் விற்ற காசு அதில், டெபாசிட்டும் அதோடு ஒட்டிக்கொண்டு. அதே கணக்கில்தான் டீக்கடைக்குப் பத்து ரூபாய் ஸ்கேன் செய்கிற யூபிஐயும் ஓடும். கணக்கோடு இணைந்த எண் அந்தப் புது ஸ்மார்ட்ஃபோனில். ஒரு தப்பு நடந்தால் மொத்தமும் போகும்.

இரண்டாகப் பிரியுங்கள். பென்ஷன், டெபாசிட் இருக்கிற பெரிய கணக்கின் மொபைல் எண்ணை ஒரு பட்டன் ஃபோனில் இருக்கிற எண்ணாக மாற்றுங்கள். இதற்குப் பெரும்பாலும் கிளைக்கு நேரில் போய்ப் படிவம் கொடுக்க வேண்டியிருக்கும், அதனால்தான் வேலை நாள் என்றேன். சும்மா யூபிஐயில் அந்தக் கணக்கைச் சேர்க்காமல் விட்டால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. யூபிஐ ஆப், ஃபோனில் உள்ள சிம் எண்ணை வைத்துத்தான் எந்தெந்த வங்கியில் கணக்கு இருக்கிறது என்று தேடி எடுக்கிறது. எண் ஒன்றாகவே இருந்தால், கார்டு விவரத்தைப் பேசி வாங்கிவிட்ட திருடன் பெரிய கணக்கையும் அதில் சேர்த்துவிடலாம். எண் பட்டன் ஃபோனில் இருந்தால் ஸ்மார்ட்ஃபோனுக்குள் எவ்வளவு நுழைந்தாலும் அந்தக் கணக்குக்கான ஓடிபி அங்கே வராது.

பட்டன் ஃபோனை வீட்டில் பீரோவுக்குப் பக்கத்தில் சார்ஜில் வையுங்கள். அந்த எண்ணுக்கு ரீசார்ஜ் நீங்களே செய்யுங்கள், மறக்காதீர்கள். பல மாதம் ரீசார்ஜ் இல்லாமல் கிடந்தால் எண் முடங்கி, கொஞ்ச காலம் கழித்து வேறு யாருக்கோ ஒதுக்கப்பட்டுவிடும். பென்ஷன் கணக்கின் ஓடிபி முன்பின் தெரியாதவருக்குப் போவதைவிட ஆபத்து வேறென்ன இருக்கிறது?

இரண்டாவது கணக்கு சின்னது. சந்தைக்குப் போகும்போது சுருக்குப்பையில் முடிந்துகொள்கிற காசு போல, மாதச் செலவுக்கு வேண்டியது மட்டும் அதில் இருக்கட்டும். ஸ்மார்ட்ஃபோனில் உள்ள எண், யூபிஐ, ஏடிஎம் கார்டு எல்லாம் இந்தக் கணக்கோடு மட்டும். மாதா மாதம் இதில் பணம் போடுவதை நீங்கள் பார்த்துக்கொள்ளலாம்.

டீ, காய்கறி, பஸ் என்று சில்லறைச் செலவு நிறைய இருக்கிறவர்களுக்கு யூபிஐ ஆப்புக்குள்ளேயே சில்லறைக்கென்று தனியாகப் பணம் வைத்துக்கொள்கிற யூபிஐ லைட்டை இயக்கிக் கொடுங்கள். அதில் ஒரு நேரத்தில் 5,000 ரூபாய்க்கு மேல் வைக்க முடியாது, ஒரு தடவையில் 1,000 ரூபாய்க்கு மேல் போகாது, பின் நம்பர் கேட்காது. பின் கேட்காதது ஆபத்தில்லையா என்று பல பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு இதில் எதிர்க் கருத்து. கடைத்தெருவில் பத்துப் பேர் நடுவில் தினமும் நாலு தடவை பின் நம்பரை அழுத்திக்கொண்டிருப்பதைவிட, எப்போதாவது மட்டும் அழுத்தினால் அதற்கு ஒரு மரியாதை வரும். "பின் கேட்டால் பெரிய காசு" என்று மனதில் பதியும்.

இந்தியாவுக்குள்ளேயே இருக்கிற பிள்ளைகளுக்கு யூபிஐ சர்க்கிள் என்று ஒரு வசதி 2024-ல் வந்திருக்கிறது. உங்கள் கணக்கிலிருந்து அம்மா பணம் கட்டலாம், அவருக்கென்று வங்கிக் கணக்கே யூபிஐயில் தேவையில்லை. ஒவ்வொரு தடவையும் உங்கள் ஃபோனுக்குக் கேள்வி வந்து நீங்கள் பின் போட்டால்தான் போகும்படி வைக்கலாம். அல்லது மாதம் 15,000 ரூபாய்க்குள், ஒரு தடவைக்கு 5,000 ரூபாய்க்குள் அவரே கட்டிக்கொள்ளும்படி விடலாம். எல்லா ஆப்பிலும் இரண்டு முறையும் கிடைப்பதில்லை, உங்கள் ஆப்பில் தேடிப் பாருங்கள். முதல் முறையை வைத்துவிட்டு மீட்டிங்கில் உட்கார்ந்துகொண்டு ஃபோனை எடுக்காமல் இருக்காதீர்கள். மருந்துக்கடையில் ஒரு அம்மா அரை மணி நேரம் நின்ற கதை எனக்குத் தெரியும்.

ஏடிஎம் கார்டை மறந்துவிடாதீர்கள். வங்கி ஆப்பில் கார்டு பகுதிக்குப் போனால் வெளிநாட்டுப் பயன்பாடு, ஆன்லைன் பயன்பாடு, தொடாமல் தட்டிக் கட்டுவது என்று தனித்தனி சுவிட்ச் இருக்கும். ரிசர்வ் வங்கி 2020-லேயே எல்லா வங்கிக்கும் இதைக் கட்டாயமாக்கிவிட்டது. ஏடிஎம்மில் பணம் எடுப்பதைத் தவிர எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள், எடுக்கிற அளவையும் குறைத்து வையுங்கள்.

கடைசியாக ஆட்டோபே, அதாவது மாதா மாதம் தானாகப் பணம் பிடித்துக்கொள்ளக் கொடுத்த சம்மதம். யூபிஐ ஆப்பில் அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஜாதகம், பக்திப் பாட்டு, வீடியோ என்று ஒரு ரூபாய்க்குச் சேர்ந்தது அடுத்த மாதத்திலிருந்து நூற்றுக்கணக்கில் தின்றுகொண்டிருக்கும். "பேங்க்ல காசு புடிக்கிறான்" என்று வருகிற புகார்களில் பல இதுதான். திருட்டு இல்லை, சம்மதம் கொடுத்ததுதான், கொடுத்தது அவர்களுக்கே தெரியாது. ரத்து செய்ய ஒரு நிமிடம்.

இனி ஃபோனுக்குள்

பழைய ஃபோனை அம்மாவுக்குத் தள்ளிவிடும் பழக்கம் நம் ஊரில் உண்டு. செக்யூரிட்டி அப்டேட் நின்றுபோன ஃபோன் என்றால் அதில் வங்கி ஆப் வேண்டாம், வீடியோ பார்க்க மட்டும் கொடுங்கள். ஃபோனின் விலையைப் பற்றி எனக்குக் கவலையில்லை. எழுத்துப் பெரிதாகத் தெரிகிறதா, சத்தம் காதுக்கு எட்டுகிறதா, அவ்வளவுதான்.

இப்போது அதிகம் நடப்பது ஏபிகே கோப்பு, அதாவது பிளே ஸ்டோர் வழியாக வராமல் நேரே இன்ஸ்டால் ஆகிற ஆப். கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராதம், பிஎம் கிசான் பட்டியல் என்று ஏதாவது பெயரில் வாட்ஸ்அப்பில் வரும். பெரும்பாலும் தெரிந்தவர் எண்ணிலிருந்தே வரும், ஏனென்றால் அவர் ஃபோன் ஏற்கெனவே மாட்டியிருக்கும். தொட்டு இன்ஸ்டால் செய்தால் அது எஸ்எம்எஸ் படிக்க அனுமதி வாங்கிக்கொண்டு, வருகிற ஓடிபியை எல்லாம் அங்கே அனுப்பிக்கொண்டிருக்கும். முகூர்த்த மாதத்தில் ஒரு பெரியவரிடம் போய்ப் பத்திரிகையைத் திறக்காதே என்று சொல்ல முடியுமா? சொல்லாதீர்கள். கதவையே பூட்டிவிடுங்கள். செட்டிங்ஸில் ஆப்ஸ், அதற்குள் ஸ்பெஷல் ஆப் ஆக்சஸ், அதற்குள் இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ். அங்கே வாட்ஸ்அப், குரோம், ஃபைல் மேனேஜர் என்று வரிசையாக இருக்கும். எல்லாவற்றிலும் அனுமதியை அணையுங்கள். ஃபோனுக்கு ஃபோன் இந்த இடம் கொஞ்சம் மாறும், செட்டிங்ஸின் மேலே உள்ள தேடும் பெட்டியில் அன்னோன் என்று அடித்தால் வந்துவிடும். பிளே ஸ்டோரில், ஆப்களைச் சோதிக்கிற பிளே புரொடெக்ட் இயங்குகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

"ஃபோன்ல வைரஸ்னு சிவப்பா வருதும்மா" என்று வருகிறவர்களுக்கு நூற்றுக்குத் தொண்ணூறு வைரஸ் எதுவும் இருக்காது. ஏதோ ஒரு தளத்தில் அலோ என்று அழுத்தியிருப்பார்கள், அந்தத் தளம் நோட்டிஃபிகேஷன் போட்டுப் பயமுறுத்திக்கொண்டிருக்கும். குரோமின் சைட் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷனை அடியோடு நிறுத்திவிடுங்கள். இதற்குக் கடையில் காசு கொடுக்காதீர்கள், நான் உட்பட.

வாட்ஸ்அப்பில் நாலு வேலை. டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனில் ஆறு இலக்க எண் போட்டு, மீட்புக்கு உங்கள் மின்னஞ்சலைக் கொடுங்கள். பிரைவசியில் குரூப்ஸ் என்பதை மை கான்டாக்ட்ஸ் என்று மாற்றுங்கள். பங்குச்சந்தை டிப்ஸ் குரூப்களில் முன்பின் தெரியாதவர்கள் கொண்டுபோய்ச் சேர்ப்பது நிற்கும். கால்ஸ் பகுதியில் தெரியாத எண்களின் அழைப்பை ஒலிக்காமல் செய்யுங்கள். கீழே சொல்லப்போகிற போலீஸ் வேடக்காரனுக்கு இதுதான் முதல் பூட்டு. லிங்க்டு டிவைசஸில் தெரியாத கருவி ஏதாவது இருந்தால் வெளியேற்றுங்கள்.

கால் ஃபார்வர்டிங் பற்றியும் சொல்ல வேண்டும். பார்சல் வந்திருக்கிறது, டெலிவரி ஆளைத் தொடர்புகொள்ள இந்த எண்ணை அழுத்துங்கள் என்று நட்சத்திரம், எண், ஹேஷ் கலந்த ஒன்றைச் சொல்வார்கள். அழுத்தினால் வருகிற அழைப்பெல்லாம் அவர்கள் ஃபோனுக்குப் போகும். வாட்ஸ்அப் ஓடிபியைக் குரல் அழைப்பில் கேட்டு வாங்கிக்கொண்டு கணக்கைத் தூக்கிவிடுவார்கள். *#21# அழுத்தினால் ஃபார்வர்ட் இருக்கிறதா என்று காட்டும். ##002# அழுத்தினால் எல்லா ஃபார்வர்டும் ரத்து.

எனிடெஸ்க் போல திரையைத் தூரத்திலிருந்து பார்க்கிற ஆப் எதையும் வைக்காதீர்கள். "அம்மாவுக்கு ஒண்ணு புரியலன்னா நான் அங்கிருந்தே சரிபண்ணிடுவேன்" என்று நிறையப் பிள்ளைகள் வைத்துவிட்டுப் போகிறார்கள். சௌகரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் யாரோ சொல்லச் சொல்லத் திரையைத் திறந்து காட்டுவது அவர்களுக்குச் சாதாரணமாகிவிடுகிறது. வாட்ஸ்அப் வீடியோ அழைப்பிலும் இப்போது திரையைப் பகிர முடியும் என்பதால் திருடனுக்குத் தனி ஆப்கூடத் தேவையில்லை, பழக்கம் இருந்தால் போதும். சந்தேகம் வந்தால் பக்கத்து வீட்டுப் பையனிடமோ என்னைப் போன்ற கடையிலோ காட்டட்டும்.

வீடியோவில் வருகிற போலீஸ்

டிஜிட்டல் அரெஸ்ட் என்று செய்தியில் பார்த்திருப்பீர்கள். உங்கள் ஆதாரில் வாங்கிய சிம் தப்புக்குப் பயன்பட்டிருக்கிறது, உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் என்று ஆரம்பிக்கும். பிறகு வீடியோ அழைப்பில் சீருடை, பின்னால் காவல் நிலையம் மாதிரி அறை, சிபிஐ முத்திரை போட்ட காகிதம். அழைப்பைத் துண்டிக்கக் கூடாது, வீட்டில் யாரிடமும் சொல்லக் கூடாது என்று மணிக்கணக்கில், நாள்கணக்கில் பிடித்து வைப்பார்கள். சரிபார்க்க வேண்டும், திருப்பித் தந்துவிடுவோம் என்று கடைசியில் பணத்தை மாற்றச் சொல்வார்கள்.

விவரம் தெரியாதவர்கள்தான் மாட்டுவார்கள் என்ற நினைப்பு உங்களுக்கு இருந்தால் விட்டுவிடுங்கள். வர்த்தமான் ஜவுளிக் குழுமத்தின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால் 2024-ல் 82 வயதில் இப்படித்தான் 7 கோடி ரூபாய் கொடுத்தார். அவருக்காக உச்ச நீதிமன்ற விசாரணையையே போலியாக நடத்திக் காட்டினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் பிரதமர் வானொலி உரையில், சட்டத்தில் இப்படி ஒரு கைது முறையே கிடையாது என்று சொன்னார். 2025-ல் உச்ச நீதிமன்றம் தானாகவே இந்த மோசடிகளைக் கையில் எடுத்து, விசாரணையை சிபிஐயிடம் கொடுத்தது.

இவர்களின் பிடி முழுவதும் "யாரிடமும் சொல்லாதே" என்பதில்தான் இருக்கிறது. அப்பாவிடம் சட்டம் பேசிப் புரியவைக்க முயலாதீர்கள். ஒன்றே ஒன்று சொல்லுங்கள்: யாரிடமும் சொல்லாதே என்று யார் சொன்னாலும் உடனே எனக்கு ஃபோன் செய், ராத்திரி இரண்டு மணியானாலும். பக்கத்தில் ஓடிவரக்கூடிய ஒருவர் எண்ணையும் பட்டன் ஃபோனில் வேக அழைப்பில் போட்டு வையுங்கள். ஸ்மார்ட்ஃபோன் வீடியோ அழைப்பில் சிக்கிக் கிடக்கும்போது கைக்கு எட்டுவது அந்தப் பட்டன் ஃபோன்தான்.

குரலை நகலெடுத்துப் பேசுவதும் வந்துவிட்டது. "அம்மா, ஆக்சிடென்ட் ஆயிருச்சு" என்று உங்கள் குரலிலேயே அழைப்பு வரலாம். குடும்பத்துக்கு ஒரு கேள்வி வைத்துக்கொள்ளுங்கள். தாத்தா வீட்டுப் பசுவுக்கு என்ன பெயர், சின்ன வயதில் எந்த மரத்திலிருந்து விழுந்தாய் என்கிற மாதிரி. பிறந்தநாளும் குலதெய்வமும் வேண்டாம், அவை ஃபேஸ்புக்கிலேயே கிடக்கும். கேள்வி மறந்துபோனாலும் பரவாயில்லை: அழைப்பைத் துண்டித்துவிட்டு, ஃபோனில் சேமித்திருக்கும் உங்கள் எண்ணுக்குத் திரும்ப அடிக்கட்டும். இதை ஊரில் இருக்கும்போதே ஒரு தடவை விளையாட்டாகச் செய்து பாருங்கள். மாடியிலிருந்து நீங்களே அழைத்துப் பணம் கேளுங்கள். முதல் தடவை பெரும்பாலான அம்மாக்கள் "எவ்வளவு கண்ணு வேணும்?" என்றுதான் கேட்பார்கள்.

முகத்தையும் அப்படித்தான் நகலெடுக்கிறார்கள். நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் முதலீட்டுத் திட்டம் சொல்வது போன்ற போலி வீடியோக்களைப் பத்திரிகைத் தகவல் அலுவலகத்தின் உண்மை சரிபார்க்கும் பிரிவு பலமுறை மறுத்திருக்கிறது. சச்சின் டெண்டுல்கர் 2024 ஜனவரியில் தன் பெயரில் வந்த போலி விளம்பரத்தைத் தானே வெளியிட்டு எச்சரித்தார். உதடு அசைவைப் பார், விரலை எண்ணு என்று சொல்லிக்கொடுப்பதில் இனிப் பயனில்லை, நமக்கே தெரிவதில்லை. பெரிய மனிதர் பணம் பெருகும் என்றால் பொய், அவ்வளவு போதும்.

வங்கி என்று சொல்லி வருகிற அழைப்புகளுக்கு ஒரு அடையாளம் வந்திருக்கிறது. வங்கி, காப்பீட்டுச் சேவை அழைப்புகளுக்கு 1600-ல் தொடங்கும் எண்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன, விளம்பரத்துக்கு 140. பத்து இலக்கச் சாதாரண மொபைல் எண்ணிலிருந்து "பேங்க்லருந்து பேசறோம், உயிர்வாழ் சான்று முடிஞ்சுபோச்சு" என்று வந்தால் வைத்துவிடலாம். மத்திய அரசு பென்ஷன்தாரர்கள் நவம்பரில் சான்று கொடுக்கிறார்கள் என்பது திருடர்களுக்கும் தெரியும், அந்த மாதம் இத்தகைய அழைப்பு கூடும்.

கைரேகை விஷயம்

ஆதார் கைரேகையைப் பூட்டி வைக்கும்படி பலரும் எழுதுகிறார்கள். ஆதார் ஆப்பில் பயோமெட்ரிக் லாக் போட்டால் கைரேகையை வைத்து யாரும் கணக்கிலிருந்து பணம் எடுக்க முடியாது, நல்ல வசதிதான். ஆனால் நம் ஊர் ரேஷன் கடையில் விரல் வைத்தால்தான் அரிசி. பூட்டிய விரலோடு அம்மா வரிசையில் நின்றால் மெஷின் ஏற்காது, யாராவது ஆப்பில் திறந்துவிட வேண்டும், திறந்ததும் சில நிமிடங்களில் மறுபடி பூட்டிக்கொள்ளும். வீட்டில் இளவட்டம் யாராவது இருந்தால் பூட்டுங்கள். பெரியவர்கள் தனியாக இருக்கும் வீடென்றால் நான் வேண்டாம் என்பேன். பெரிய கணக்கில் ஆதார் மூலம் பணமெடுக்கும் வசதியை நிறுத்த முடியுமா என்று வங்கியிலேயே கேட்டுவிடுங்கள்.

மத்திய அரசுத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் அப்பா பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பார்க்கலாம். அவர் வாங்காத எண் தெரிந்தால் அங்கேயே புகார் கொடுக்கலாம். ஃபோன் தொலைந்தால், ஒவ்வொரு ஃபோனுக்கும் தனியாக உள்ள ஐஎம்இஐ எண்ணை வைத்து முடக்குவதும் அங்கேதான், போலீஸ் புகார் நகல் வேண்டும். இப்போதே *#06# அழுத்தி வருகிற எண்ணை அந்தத் தாளில் எழுதிவிடுங்கள்.

பணம் போய்விட்டால்

1930. சைபர் மோசடிக்கான அரசு உதவி எண் இது. இதைப் பெரிய எழுத்தில் எழுதி பட்டன் ஃபோனுக்கு மேலே சுவரில் ஒட்டுங்கள். போன பணம் சில நிமிடங்களில் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து வேறொன்றுக்கு என்று ஓடும். வழியில் நிறுத்திவைக்கச் சொல்லும் ஏற்பாடு 1930 மூலம்தான் நடக்கிறது, அதனால் முதல் ஒரு மணி நேரத்துக்குள் அழைத்தால் பணம் மாட்டுவதற்கு வாய்ப்பு அதிகம். யூபிஐ என்றால் அந்தப் பரிவர்த்தனைக்கான 12 இலக்க யூடிஆர் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள். அந்த எண் ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் தொட்டால் தெரியும், எஸ்எம்எஸ்ஸிலும் இருக்கும். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் பதிவு செய்யலாம், அதை நீங்கள் வெளியூரிலிருந்தே செய்யலாம்.

அதே கையோடு வங்கிக்கும் சொல்ல வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2017 விதிப்படி, நம் தப்பு எதுவும் இல்லாமல் போன பணத்தை மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் இழப்பு நமக்கில்லை. ஓடிபியை நாமே சொல்லியிருந்தால் அதுவரை போனது நம் தலையில்தான். ஆனால் வங்கிக்குத் தெரிவித்த பிறகும் பணம் போனால் அது வங்கியின் பொறுப்பு. அதனால்தான் தெரிவித்த நேரம் முக்கியம். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராமல் எழுதிக் கொடுத்து முத்திரை வாங்குங்கள், அல்லது மின்னஞ்சல் அனுப்புங்கள்.

இந்த இடத்தில் பல வீடுகளில் நேரம் போவது வேறு காரணத்தால். பணம் போன அப்பா முதலில் என் கடைக்கு வருகிறார், உங்களுக்குச் சொல்வதில்லை. "பையனுக்குத் தெரிஞ்சா திட்டுவான்மா, நீயே எப்படியாவது எடுத்துக் குடு" என்பார். ஒருவர் இரண்டு நாள் கழித்து வந்தார், அதற்குள் எடுக்க ஒன்றுமில்லை. போன தடவை மருமகள் முன்னால் நீங்கள் போட்ட சத்தம் அவர் நினைவில் இருக்கிறது. கிளம்புகிற அன்றைக்கே சொல்லிவிடுங்கள்: காசு போனால் போகட்டும், முதல் ஃபோன் 1930-க்கு, இரண்டாவது எனக்கு, நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். சொன்னபடி நடந்துகொள்ளவும் வேண்டும்.

வங்கி 30 நாளில் பதில் சொல்லாவிட்டாலோ, பதில் சரியில்லை என்றாலோ வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கிற ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, ஆன்லைனிலேயே எழுதலாம். சந்தேகத்துக்கு 14448 என்ற எண் இருக்கிறது. 1930-ல் கொடுத்த ஒப்புகை எண், வங்கிக்கு எழுதியதன் நகல், யூடிஆர் மூன்றும் கையில் இருக்க வேண்டும். ஜெராக்ஸ் இரண்டு செட் எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று வீட்டில், ஒன்று உங்களிடம்.